பக்கவாதம் பறிக்கும் நினைவு: திருவனந்தபுரம் காட்டும் படம்

பக்கவாதம் தாக்கிய ஒருவர் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும்போது குடும்பத்தார் பார்ப்பது கையையும் காலையும்தான். விரல் மடங்குகிறதா, வாய்க் கோணல் நேரானதா, தானே சட்டை மாட்டிக்கொள்கிறாரா என்பதே பேச்சு. ஆறு மாதத்தில் அவர் கைத்தடி இல்லாமல் தெருமுனைக் கடை வரை போய் வந்துவிட்டால், "பிழைத்துக்கொண்டார்" என்று ஊரும் உறவும் நிம்மதி அடைகின்றன.

பிறகுதான் சிறு சிறு தவறுகள் தலைகாட்டுகின்றன. பால்காரருக்கு ஒரே மாதத்தில் இருமுறை பணம் கொடுக்கிறார். காலையில் விழுங்கிய ரத்த அழுத்த மாத்திரையைப் பிற்பகலில் மறுபடியும் விழுங்குகிறார். வங்கியில் போட்ட கையெழுத்து பழைய கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை என்று காசோலை திரும்பி வருகிறது. "வயதாகிவிட்டது, மறதி வராதா என்ன?" என்று வீட்டார் விட்டுவிடுகிறார்கள். மருத்துவரிடமும் சொல்வதில்லை. அவரும் பெரும்பாலும் கேட்பதில்லை.

பக்கவாதத்துக்குப் பிந்தைய இந்த மறதியைப் பற்றி உலக அளவில் அதிகம் எடுத்தாளப்படும் கணக்கு ஒன்று உண்டு. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாரா பெண்டில்பரி, பீட்டர் ராத்வெல் ஆகிய இருவரும் பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2009-ல் வெளியிட்டது அது. முதல் பக்கவாதத்துக்கு முன்பே பத்தில் ஒருவருக்கு டிமென்ஷியா எனப்படும் அறிவுத் தேய்வு இருக்கிறது. முதல் தாக்குதலுக்குப் பிறகு, விரைவிலேயே, மேலும் பத்தில் ஒருவருக்கு அது புதிதாக வருகிறது. மீண்டும் பக்கவாதம் தாக்கினால் மூன்றில் ஒருவருக்கு மேல் அதில் சிக்குகின்றனர். டிமென்ஷியா என்ற எல்லையைத் தொடாத, ஆனால் வேலையையும் வரவு செலவையும் குலைக்கக்கூடிய சிறு குறைபாடுகள் இந்தக் கணக்கில் சேரவில்லை.

இந்த மறதி மூளையில் எங்கே உருவாகிறது, அதைப் படம் பிடித்துக் காட்ட முடியுமா என்ற கேள்விகளுக்கு இந்தியாவில் விடை தேடிவரும் இடங்களில் ஒன்று, திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வளாகத்தை ஒட்டி நிற்கும் ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல், தொழில்நுட்ப நிறுவனம். நாகர்கோவிலிலிருந்தும் மார்த்தாண்டத்திலிருந்தும் ரயிலிலும் பேருந்திலும் இரண்டு மணி நேரத்தில் எட்டிவிடக்கூடிய தூரம். 1956 நவம்பர் 1-ல் கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்கள் தமிழகத்தோடு இணைந்தன. எல்லைக்கோடு மாறினாலும், பெரிய வியாதி என்றால் திருவனந்தபுரத்துக்குப் போவது என்ற வழக்கம் மாறவில்லை. அங்கே புறநோயாளிகள் பிரிவில் தமிழ்க் குரல் கேட்பது புதுமை அல்ல.

திருவிதாங்கூர் அரச குடும்பம் 1973-ல் கேரள அரசுக்குக் கொடையாக அளித்த பல மாடிக் கட்டடத்தில் தொடங்கியது இதன் கதை. அப்போதைய திட்டக் குழுவின் பி.என். ஹக்சர் 1976-ல் மருத்துவமனையைத் தொடங்கிவைத்தார். 1980-ல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி, தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக அதை அறிவித்தது. முதல் இயக்குநரான இதய அறுவைச் சிகிச்சை நிபுணர் எம்.எஸ். வலியத்தான் (2024 ஜூலையில் மறைந்தார்), பூஜப்புரை சாடல்மண்ட் அரண்மனையில் உயிரிமருத்துவத் தொழில்நுட்பப் பிரிவை வளர்த்தார். அங்கே உருவான செயற்கை இதய வால்வு 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. வால்வால் பெயர் பெற்ற நிறுவனம், மூளை ஆராய்ச்சியில் செய்திருப்பதை நாட்டின் பிற பகுதிகள் அவ்வளவாக அறியவில்லை.

இன்னொரு விநோதமும் உண்டு. மருத்துவமனையாக இருந்தாலும் இது சுகாதார அமைச்சகத்தின் கீழ் வருவதில்லை. அறிவியல், தொழில்நுட்பத் துறையின் கீழ் வருகிறது. நாடாளுமன்றத்தில் இதைப் பற்றிக் கேள்வி எழுந்தால் பதில் சொல்லும் பொறுப்பு அறிவியல் துறை அமைச்சருக்கு. ஆண்டறிக்கை இரு அவைகளின் மேஜையிலும் வைக்கப்படுகிறது, அன்று வைக்கப்படும் பிற அறிக்கைகளின் அடுக்கோடு அடுக்காக.

*

காதுக்கு நேர் உட்புறத்தில், மூளையின் பொட்டு மடலின் அடியில், இடமும் வலமுமாக இரண்டு சிறு உறுப்புகள் வளைந்து கிடக்கின்றன. வடிவம் கடற்குதிரையை ஒத்திருப்பதால் கிரேக்க மொழியில் அதற்குரிய ஹிப்போகாம்பஸ் என்ற பெயரே நிலைத்துவிட்டது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ மூன்று, மூன்றரை கன சென்டிமீட்டர்தான் இருக்கும். இன்று காலை நடந்ததை நாளைக்கு நினைவாக மாற்றி அனுப்பும் பட்டறை இதுதான்.

அதை மருத்துவ உலகம் தெரிந்துகொண்ட விதம் கொடுமையானது. அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்ற இளைஞருக்கு வலிப்பு நோயைத் தீர்ப்பதற்காக 1953-ல் வில்லியம் ஸ்கோவில் என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர் இரு பக்கத்து ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதியையும் அகற்றினார். வலிப்பு குறைந்தது. ஆனால், 2008-ல் இறக்கும் வரை மொலைசனால் புதிய நிகழ்ச்சி எதையும் நினைவில் வைத்துக்கொள்ள முடியவில்லை.

அந்தப் பாடத்தின் தொடர்ச்சியாகவே ஸ்ரீசித்திரை நிறுவனத்துக்கு இந்த உறுப்பு நெருங்கிய அறிமுகம் ஆனது. 1990-களின் நடுப்பகுதியில் அங்கு தொடங்கிய வலிப்பு நோய் அறுவைச் சிகிச்சைத் திட்டம், தழும்பேறிச் சுருங்கிய ஒரு பக்க ஹிப்போகாம்பஸை எம்.ஆர்.ஐ. படத்தில் கண்டறிந்து அகற்றுவதை மையமாகக் கொண்டது. ஒரு பக்கத்தை எடுப்பதற்கு முன், மறுபக்கம் நினைவைத் தாங்குமா என்று பார்த்தாக வேண்டும். எனவே படம் எடுப்பவரும் நினைவைச் சோதிக்கும் உளவியலாளரும் நரம்பியல் மருத்துவரும் ஒரே மேஜையில் அமர வேண்டிய கட்டாயம் ஏற்பட்டது. வலிப்புக்காக ஏற்பட்ட இந்தப் பழக்கம், டிமென்ஷியா, பக்கவாதம் போன்ற பிற நோய்களை ஆராயும்போதும் கைகொடுக்கக்கூடியது.

பக்கவாதம் ஹிப்போகாம்பஸை எப்படிப் பாதிக்கிறது? ஒரு வழி நேரடியானது. மூளையின் பின்பகுதிக்குச் செல்லும் தமனி அடைபட்டால், அதன் கிளைகளிலிருந்து ரத்தம் பெறும் ஹிப்போகாம்பஸும் பட்டினி கிடக்கிறது. பிராணவாயு குறைந்தால் மூளையில் முதலில் மடியும் செல்களில் அங்குள்ளவையும் அடக்கம். இத்தகைய நேரடித் தாக்குதல் குறைவு. பெரும்பாலானவர்களுக்கு அடைப்பு வேறெங்கோ இருக்கிறது. இருந்தும் மாதங்கள் செல்லச் செல்ல ஹிப்போகாம்பஸ் சுருங்குகிறது. ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் எமி பிராட்மன் குழுவினர், பக்கவாதம் தாக்கியவர்களைச் சில வாரங்களிலும், மூன்றாம் மாதத்திலும், ஓராண்டிலும், மூன்றாண்டிலும் மீண்டும் மீண்டும் படமெடுத்துத் தொடர்ந்தனர். பக்கவாதம் வராத அதே வயதினரைவிட இவர்களுக்கு, குறிப்பாகத் தாக்குதல் நடந்த பக்கத்தில், ஹிப்போகாம்பஸின் கன அளவு வேகமாகக் குறைவது தெரிந்தது. ஒரு மதகு உடைந்தால் அந்தக் கால்வாயை நம்பிய தொலைதூர வயலும் காய்வதைப் போல, நரம்பு இழைகள் அறுந்ததும் மறுமுனையில் உள்ள செல்களும் நலிகின்றன என்பது ஒரு விளக்கம். ஏற்கெனவே அல்சைமர் நோய் ஓசையின்றி வளர்ந்துகொண்டிருந்தவரிடம் பக்கவாதம் கடைசி அடியாக விழுகிறது என்பது இன்னொன்று. பல முதியவர்களிடம் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன.

சுருக்கம் மட்டுமே நோய்க்கு அடையாளம் ஆகிவிடாது. நல்ல உடல்நலத்தோடு உள்ள முதியவருக்கும் ஆண்டுக்குச் சுமார் ஒன்றரை சதவீதம் சுருங்குகிறது. அல்சைமர் நோயாளிகளுக்கு அது நான்கு சதவீதத்தைத் தாண்டுகிறது. ஆக, ஒற்றைப் படத்தைவிட, ஓராண்டு இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களின் வித்தியாசமே அதிகம் பேசும். ஏழைக் குடும்பத்துக்கு முதல் படத்துக்கே பணம் புரட்டுவது பாடு.

அளவுகோலிலும் ஒரு சிக்கல் இருந்தது. மூளைப் படங்களைக் கணினி ஒப்பிட்டு அளப்பதற்கு உலகெங்கும் பயன்படும் மாதிரி வரைபடம் கனடாவின் மாண்ட்ரியலில், வெள்ளையரின் மூளைப் படங்களைக் கொண்டு உருவானது. ஹைதராபாதில் உள்ள சர்வதேசத் தகவல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஜெயந்தி சிவசுவாமியும், ஸ்ரீசித்திரை நிறுவனப் படவியல் துறையின் சி. கேசவதாஸும் இணைந்து 100 இந்தியர்களின் படங்களிலிருந்து ஓர் இந்திய மூளை வரைபடத்தை உருவாக்கி 2019-ல் வெளியிட்டனர். இந்திய மூளை, சராசரியாக, உயரம், அகலம், கன அளவு ஆகியவற்றில் மேலைநாட்டினரின் மூளையைவிடச் சிறியது என்று அதில் தெரிந்தது. சிறிய மூளை என்றால் குறைந்த அறிவு என்று யாரும் பொருள் கொள்ள வேண்டியதில்லை. ஆனால், மேலைநாட்டு அளவுகோலை அப்படியே வைத்தால், இயல்பான ஒருவரையும் "சுருங்கிவிட்டது" என்று கணினி சொல்லக்கூடும். அந்த 100 பேரும் 21 முதல் 30 வயதுக்கு உட்பட்டவர்கள். பக்கவாதம் வரும் வயதினருக்கு அதையே உரைகல்லாக்க முடியாது. (சென்னை ஐ.ஐ.டி. 2024 டிசம்பரில் கருவிலுள்ள சிசுவின் மூளையை செல் அளவில் "தரணி" என்ற பெயரில் படமாக வெளியிட்டுப் பாராட்டுப் பெற்றது. பிறக்கப்போகும் மூளைக்கு வரைபடம் கிடைத்துவிட்டது.)

*

திருவனந்தபுரத்தில் பக்கவாதத்தின் கனம் எவ்வளவு என்பதற்கு நம்பகமான கணக்கு உண்டு. 2005-ல் ஆறு மாத காலம், நகர்ப்புறத்தில் 7 லட்சத்து 41 ஆயிரம் பேரையும், கிராமப்புறத்தில் 1 லட்சத்து 85 ஆயிரம் பேரையும் உள்ளடக்கி, புதிதாக வந்த பக்கவாதம் ஒவ்வொன்றும் பதிவு செய்யப்பட்டது. "திருவனந்தபுரம் பக்கவாதப் பதிவேடு" என்று அறியப்படும் அந்த ஆய்வு 2009-ல் வெளியானது. மொத்தம் 541 பேர். லட்சம் பேருக்கு ஆண்டுக்கு 135 என்பது வயது சீரமைத்த விகிதம். நகரத்துக்கும் கிராமத்துக்கும் இதில் வேறுபாடு இல்லை என்றே சொல்லலாம். வேறுபாடு சாவில் இருந்தது. 28 நாள்களுக்குள் இறந்தவர்கள் நகரத்தில் 24.5 சதவீதம், கிராமத்தில் 37.1 சதவீதம். வந்த நோய் ஒன்றுதான். மருத்துவமனைக்கு உள்ள தூரம்தான் வேறு.

அதன்பின் கேரளத்தில் நிலைமை ஓரளவு மாறியிருக்கிறது. "சிராஸ்" என்ற மாநிலத் திட்டத்தின் கீழ், ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி மாவட்ட மருத்துவமனைகளுக்கும் வந்தது. முன்பு இறந்திருக்கக்கூடியவர்கள் இன்று உயிரோடு வீடு திரும்புகிறார்கள். உயிர் பிழைப்போர் கூடக் கூட, நினைவு தளர்ந்தவர்களின் எண்ணிக்கையும் கூடுகிறது. கேரளத்தில் 2021-ல் மக்கள்தொகையில் 16.5 சதவீதம் பேர் 60 வயதைக் கடந்தவர்கள் என்பது மத்தியப் புள்ளியியல் துறை எடுத்தாண்ட கணிப்பு. நாட்டிலேயே இதுதான் முதலிடம். 13.6 சதவீதத்துடன் தமிழகம் அடுத்து நிற்கிறது. கேரளத்தின் இன்றைய கவலை தமிழகத்துக்கு வந்துசேர நெடுங்காலம் ஆகாது.

*

படம் எடுக்கும் இயந்திரத்துக்கு மொழி கிடையாது. நோயாளியின் நினைவைச் சோதிக்கும் கேள்வித்தாளுக்கு உண்டு. மூளை எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று படம் சொல்லும். அதனால் அந்த மனிதர் எதை இழந்தார் என்று சொல்ல, அவரிடம் பேசித்தான் ஆக வேண்டும்.

நினைவுத் தேர்வுகளில் புகழ்பெற்ற ஒன்று, கேம்பிரிட்ஜின் அடன்புரூக் மருத்துவமனையின் பெயரால் வழங்கும் தேர்வு. 2000-ஆவது ஆண்டில் அதை உலகுக்கு அறிமுகப்படுத்திய ஆய்வுக் கட்டுரையின் முதல் ஆசிரியர் பி.எஸ். மதுரநாத். பின்னர் பெங்களூரு நிம்ஹான்ஸில் பணியாற்றிய இவர், அதற்கு முன் ஸ்ரீசித்திரை நிறுவனத்தில் இருந்தபோது அந்தத் தேர்வை மலையாளத்துக்கு ஏற்றபடி மாற்றி அமைத்தார். 2004-ல் அது வெளியானது. மொழிபெயர்த்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. ஆங்கிலத் தேர்வுகளில் ஒரு சொல்லின் எழுத்துகளைக் கடைசியிலிருந்து முதல் வரை சொல்லச் சொல்வார்கள். "உலகம்" என்பதைத் திருப்பினால் மெய்யெழுத்து முதலில் வந்து நிற்கும். எட்டாம் வகுப்பு படித்தவரும் திகைப்பார். இது வசந்த காலமா, இலையுதிர் காலமா என்று இடவப்பாதி மழையில் நனைந்துகொண்டு வந்தவரிடம் கேட்டு என்ன பயன்? எழுதப் படிக்கத் தெரியாத மூதாட்டியிடம் நாற்கோணப் படத்தைப் பார்த்து வரையச் சொன்னால், பென்சிலைப் பிடித்திராத கை தடுமாறுவதை மூளையின் தடுமாற்றம் என்று எழுதிவிட நேரும். ஹரியாணாவின் பல்லப்கட் கிராமங்களில் இந்திய, அமெரிக்க ஆய்வாளர்கள் 1995-ல் ஹிந்தியில் வெளியிட்ட தேர்வு இதை உணர்ந்து, எழுத்தைத் திருப்பச் சொல்வதற்குப் பதில் வாரத்தின் கிழமைகளைப் பின்னிருந்து சொல்லக் கேட்டது. சனி, வெள்ளி, வியாழன் என்று சொல்லப் பள்ளிக்கூடம் தேவையில்லை.

தமிழ் எங்கே நிற்கிறது? அடன்புரூக் தேர்வின் மூன்றாம் பதிப்பு தமிழ் உள்பட பல இந்திய மொழிகளில் தரப்படுத்தப்பட்டிருக்கிறது. ஆனால், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் பல மையங்களைக் கூட்டி, இந்தியச் சூழலுக்கென உருவாக்கி, 2020-ல் விவரம் வெளியிட்ட விரிவான நினைவு, அறிதிறன் சோதனைத் தொகுப்பு முதலில் ஐந்து மொழிகளில் அமைந்தது: ஹிந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மலையாளம். அந்த முதல் ஐந்தில் தமிழ் இல்லை. ஹைதராபாத், பெங்களூரு, திருவனந்தபுரம், தில்லி, கொல்கத்தா, மும்பை மையங்கள் பங்கேற்ற முயற்சியில் சென்னை இடம்பெறாதது அதற்குக் காரணமாக இருக்கலாம். மொழிக்காகத் தில்லியில் குரல் எழுப்புவதில் தமிழகக் கட்சிகள் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல. ரயில் நிலையப் பெயர்ப்பலகைக்கு எழும் குரலில் ஒரு பங்கு இதற்கும் எழலாம்.

ஏனெனில் மொழி இங்கே உணர்ச்சிப் பிரச்சினை மட்டும் அல்ல, நோய்க் கணிப்பின் பிரச்சினை. ஹைதராபாத் நிஜாம் மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் சுவர்ணா அல்லாடி குழுவினர் 608 பக்கவாத நோயாளிகளை ஆராய்ந்து 2016-ல் வெளியிட்ட முடிவு இது: ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசுவோரில் 40.5 சதவீதம் பேருக்கு அறிதிறன் பாதிக்கப்படவில்லை. ஒரே மொழி பேசுவோரில் அது 19.6 சதவீதம்தான். இரு மொழிகளுக்கிடையே ஓயாமல் தாவிய மூளை, அடிபட்ட பின்பும் மாற்றுப் பாதை கண்டுபிடிக்கிறது என்பது ஆய்வாளர்களின் கருத்து. தமிழும் மலையாளமும் கலந்து பேசி வளர்ந்த விளவங்கோட்டு முதியவர், இதன்படி, கொடுத்துவைத்தவர். ஆனால், அவரை எந்த மொழியில் சோதிப்பது?

இன்னொரு எச்சரிக்கையும் வேண்டியிருக்கிறது. பக்கவாதத்துக்குப் பிறகு மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. அதுவும் மறதியாகவே வெளிப்படும். பி12 வைட்டமின் குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு, காது மந்தம் எல்லாம் அதே வேடம் போடும். இவை சரிசெய்யக்கூடியவை. அதேபோல், பக்கவாதத்தில் பலருக்கு நினைவைவிடத் திட்டமிடும் திறனே முதலில் சரிகிறது. பேரன் பெயர் தெரியும். மின்கட்டணம் கட்ட எந்த நாளில், எதை எடுத்துக்கொண்டு, எங்கே போக வேண்டும் என்பதைக் கோக்கத் தெரியாது. நினைவை மட்டும் கேட்கும் அவசரத் தேர்வில் இவர் தேறிவிடுவார். ஹிப்போகாம்பஸ் படமும் இயல்பாகவே இருக்கலாம்.

*

நாட்டில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர் டிமென்ஷியாவுடன் வாழ்கின்றனர் என்பது தில்லி எய்ம்ஸ் பங்கேற்ற தேசிய ஆய்வின் கணிப்பு, 2023-ல் வெளியானது. இவர்களுக்காக நாடாளுமன்றம் இயற்றிய சட்டங்களில் என்ன இருக்கிறது என்று தேடினால் கிடைப்பது சொற்பம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, ஊனங்களின் பட்டியலை 21 ஆக விரித்தது. நாள்பட்ட நரம்பு நோய்கள் என்ற தலைப்பில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், பார்க்கின்சன் நோய் ஆகிய இரண்டும் பெயர் சொல்லப்பட்டுள்ளன. டிமென்ஷியா என்ற சொல் பட்டியலில் இல்லை. "போன்ற" என்ற சொல்லுக்குள் அதையும் அடக்கலாம் என்பது சட்டம் படித்தவர்களுக்குச் சரி. சான்றிதழ் வாங்க வரிசையில் நிற்பவருக்கு அந்த "போன்ற" எவ்வளவு தூரம் உதவும்? 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவு வளர்ச்சிக் குறைபாடு, பல்வகை ஊனம் ஆகியவற்றுக்குப் பாதுகாவலர் நியமிக்க வழி செய்கிறது. முதுமையில் நினைவை இழந்தவர் அதில் வரமாட்டார். கோமா நிலையில் உள்ளவரின் வங்கிக் கணக்கைக் குடும்பத்தார் கையாளச் சட்டமே இல்லாத நிலையில், கேரள உயர் நீதிமன்றம் 2019-ல் வழிகாட்டு நெறிமுறைகளை வகுக்க வேண்டியதாயிற்று. கண் திறந்திருந்தும் கணக்கு மறந்தவர் அதற்கும் இதற்கும் நடுவில் தொங்குகிறார்.

மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீடு 2024 அக்டோபரில் 70 வயதைக் கடந்த அனைவருக்கும், வருமான வரம்பின்றி, ஆண்டுக்கு ரூ. 5 லட்சம் வரை விரிவாக்கப்பட்டது. வரவேற்கத்தக்கதுதான். ஆனால், அது மருத்துவமனையில் அனுமதிக்கப்படுவோருக்கான காப்பீடு. நினைவுத் தேர்வு, ஓராண்டு கழித்து எடுக்க வேண்டிய இரண்டாவது எம்.ஆர்.ஐ., பேச்சுப் பயிற்சி ஆகியவை புறநோயாளிக் கணக்கில் வருபவை. பக்கவாதத்தைப் பெயரிலேயே தாங்கி 2010-ல் வந்த தேசியத் தொற்றாநோய்த் திட்டத்தின் பெயர் 2023-ல் சுருக்கப்பட்டபோது, பக்கவாதம் என்ற சொல் அந்தத் தலைப்பிலிருந்தும் போய்விட்டது.

மாநிலங்களில் கேரளம் முந்திக்கொண்டது. அல்சைமர் நோயாளிகளுக்கான இந்திய சங்கம் 1992-ல் அங்குதான் தோன்றியது. அதன் துணையோடு கேரள சமூகநீதித் துறை 2014-ல் "ஸ்மிருதிபதம்" என்ற டிமென்ஷியாத் திட்டத்தைத் தொடங்கியது. பின்னர் "ஓர்மத்தோணி" வந்தது. நினைவுப் படகு என்று பொருள். அரசுத் திட்டத்துக்கு இப்படியும் பெயர் வைக்கலாம். தமிழகத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" வீடு தேடிப் போய் ரத்த அழுத்தம் பார்க்கிறது, மாத்திரை தருகிறது, பக்கவாதம் வந்தவரின் காலுக்கு இயன்முறைப் பயிற்சியும் அளிக்கிறது. வாசல் வரை செல்லும் அந்தப் பெண் ஊழியர்களின் கையில் பத்து நிமிடத்தில் முடியும் தமிழ்க் கேள்வித்தாள் ஒன்றையும் கொடுத்துப் பார்க்கலாம். எம்.ஆர்.ஐ. யாருக்குத் தேவை என்பதை அதிலிருந்து பிரித்தெடுக்க முடியும். 2024-ல் லான்செட் குழு, தவிர்க்கவோ தாமதப்படுத்தவோ கூடிய டிமென்ஷியா 45 சதவீதம் என்றும், அதற்கான 14 காரணங்களில் உயர் ரத்த அழுத்தமும் நீரிழிவும் காது மந்தமும் அடங்கும் என்றும் கூறியது. அந்த ஊழியர்களின் பையில் ரத்த அழுத்தக் கருவி ஏற்கெனவே இருக்கிறது.

ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் மாதம் மத்திய அரசு ஓய்வூதியர்கள் உயிரோடு இருப்பதற்கான சான்று அளிக்க வேண்டும். விரல் ரேகையையோ முகத்தையோ இயந்திரம் சரிபார்த்துவிடுகிறது. அன்று என்ன கிழமை என்று அவரிடம் யாரும் கேட்பதில்லை.